என்ரிக்கே ஷா

என்ரிக்கே ஷா (பெப்ரவரி 26, 1921 – ஆகஸ்ட் 27, 1962) அர்ஜென்டினாவைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். கத்தோலிக்க திருச்சபையின் சமூகப் போதனைகளைத் தொழில் நிருவாகத்தில் கடைப்பிடித்தவராக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பாரிசில் பிறந்த ஷா, நான்கு வயதில் தாயை இழந்தார். கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றி 1945 இல் விலகினார். தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர விரும்பினார். தொழிலதிபராக இருந்தே தொழிலாளருக்குக் கூடுதல் நன்மை செய்யலாம் என ஒரு குருவானவர் அறிவுறுத்தியதால், ரிகோயோ கண்ணாடி நிறுவனத்தில் சேர்ந்து அதன் தலைமை நிருவாகியாக உயர்ந்தார். 1952 இல் கிறித்தவத் தொழில் நிருவாகிகள் சங்கத்தை நிறுவினார்.

பணிநீக்க எதிர்ப்பு

1961 இல் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் சுமார் 1,200 தொழிலாளரைப் பணிநீக்கம் செய்ய முற்பட்டனர். அப்போது புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஷா இதனை எதிர்த்தார். ஒருவர் நீக்கப்பட்டாலும் தாம் பதவி விலகுவதாக அறிவித்ததுடன், எவரையும் நீக்காமல் நிறுவனத்தை நடத்துவதற்கான திட்டத்தையும் முன்வைத்தார். அத்திட்டம் ஏற்கப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையிழக்கவில்லை.

மறைவு

ஷாவின் சிகிச்சைக்குக் குருதி தேவைப்பட்டபோது, சுமார் 260 தொழிலாளர்கள் குருதிக்கொடை அளிக்க முன்வந்தனர். 1962 இல் தமது 41 ஆவது வயதில் புவெனஸ் ஐரிஸ் நகரில் காலமானார். 2021 இல் திருத்தந்தை பிரான்சிசு இவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.