எம்.ஆர்.ஐ அறையில் ஏன் இத்தனை கெடுபிடி? ஊரே பயந்து முடக்கிய விஞ்ஞானியின் கதை

திருத்தணியில் ரயில் ஏறி திருவள்ளூருக்கோ சென்னைக்கோ எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு பட்டியல் காத்திருக்கும். தாலிச் செயின், மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கொடி, செல்போன் என எல்லாத்தையும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். பலருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால், அந்த மெஷினுக்குள் இருப்பது சாதாரண காந்தம் இல்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்தி காந்தம். அதைக் குளிர வைப்பது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஹீலியம்.

இந்த இரண்டுக்கும் தொடக்கம் ஒரே மனிதர்தான். நெதர்லாந்து விஞ்ஞானி ஹைக் காமர்லிங் ஓன்னஸ். பாதுகாப்பு பயத்தால் அவருடைய ஆய்வே ஒரு காலத்தில் முடங்கிக் கிடந்தது.

ஊர் ஏன் பயந்தது?

1853-ல் கிரோனிங்கன் நகரில் பிறந்த ஓன்னஸ், 1882-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வாயுக்களை அழுத்தி, குளிர்வித்து, திரவமாக்குவதுதான் அவரது ஆய்வு. ஊருக்கு நடுவே அழுத்தப்பட்ட வாயுக்கள் இருப்பது தெரிந்ததும் நகர நிர்வாகம் பதறியது. காரணம் இருந்தது. 1807-ல் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் லைடனில் வெடித்து சுமார் 150 பேர் இறந்தார்கள். அன்று தரைமட்டமான பகுதியில்தான் ஓன்னஸின் ஆய்வகம் நின்றது.

1895-ல் குளிர்நிலை ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. நிபுணர் ஆய்வு, அனுமதி என்று இழுத்து, 1898-ல்தான் மீண்டும் தொடங்கின. அதே 1898-ல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார்.

படிப்படியாக இறங்கிய குளிர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஒரே தாவலில் யாரும் உச்சிக்குப் போக முடியாது. ஓன்னஸ் குளிருக்குள் இறங்கியதும் அப்படித்தான். மெத்தில் குளோரைடைக் கொண்டு எத்திலீனைக் குளிர்வித்தார். எத்திலீனைக் கொண்டு ஆக்சிஜனை. 1906-ல் ஹைட்ரஜன் படியை எட்டினார். ஒவ்வொரு படியிலும் பம்ப், குழாய், கண்ணாடிக் குடுவை எதுவும் சொதப்பக் கூடாது. அதற்காகவே 1901-ல் கருவி செய்பவர்களுக்கும் கண்ணாடி ஊதுபவர்களுக்கும் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

ஹீலியம் கிடைத்தது மோனசைட் மணலில் இருந்து. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையிலும் இருக்கிற அதே கனிமம்தான். அவருக்கு அது அமெரிக்காவில் இருந்து வந்தது. 1908 ஜூலை 10 அன்று அதிகாலையில் தொடங்கிய வேலை இரவு வரை நீண்டது. கடைசியில் கையில் கிடைத்த திரவ ஹீலியம் சுமார் 60 மில்லி. ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது!

1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போனதை அவரது குழு கண்டது. அதுதான் மீக்கடத்தல். 1913-ல் நோபல் பரிசு வந்தது. மீக்கடத்தி கம்பியில் பெரிய காந்தம் செய்யும் கனவு மட்டும் பலிக்கவில்லை. சிறிய காந்தப் புலத்திலேயே அவர் எடுத்த உலோகங்கள் அந்தத் தன்மையை இழந்தன. 1926-ல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1960-களில் நியோபியம்-டைட்டானியம் கம்பிகள் அதைச் சாத்தியமாக்கின.

இன்று கவனிக்க வேண்டியவை

* ஸ்கேன் நடக்காதபோதும், கரண்ட் போனாலும் காந்தம் ஆன்-லதான் இருக்கும். 2018-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ அறைக்குள் போன இளைஞர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.
* காந்தம் திடீரென சூடேறினால் ஹீலியம் வாயுவாகி 700 மடங்குக்கும் மேல் விரியும். அதை வெளியேற்றத் தனிக் குழாய் உண்டு. அது அடைபட்டால் வாயு அறையை நிரப்பி ஆக்சிஜனை விரட்டிவிடும். நிறமோ வாசனையோ இல்லாததால் மூச்சுத் திணறும்வரை தெரியாது. அறையைவிட்டு உடனே வெளியேறணும்.
* திரவ ஹீலியமும் திரவ நைட்ரஜனும் தோலில் பட்டால் தீக்காயம் போலாகும். ஆய்வகங்களில் தளர்வான குளிர்காப்புக் கையுறையும் முகக் கவசமும் கட்டாயம். காற்றுப் போக்கு இல்லாமல் பாத்திரத்தை இறுக மூடினால் வெடிக்கும்.

லைடன் மக்களின் பயம் முட்டாள்தனம் இல்லை. ஆனால், அதற்குத் தீர்வு ஆய்வகத்தைப் பூட்டுவதும் இல்லை. பழகிய கைகளும் மீறாத விதிகளும்தான். ஆகவே, உடம்புக்குள் பேஸ்மேக்கர், கிளிப், பிளேட் எது இருந்தாலும், டெக்னீஷியன் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிடுங்க.