ஈட்டியதை இசைக்கே ஈந்தவர்

'பிக் பேண்ட்' எனப்படும் பெரிய ஜாஸ் இசைக்குழுவுக்கு டிரம்பெட், டிரோம்போன், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எனப் பதினைந்து கலைஞர்களாவது தேவை. மறைந்த மேதைகளைப் போற்றும் இசைத்தொகுப்புகளை இத்தகைய குழுக்கள் இன்றும் வெளியிடுகின்றன. ஆனால், அவற்றில் வாசிப்போர் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்காகச் சில நாள்கள் கூடிப் பிரிபவர்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு தன் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் ஒருவர் உண்டு. அவர் டியூக் எலிங்டன்.

1899 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்த எட்வர்ட் கென்னடி எலிங்டனுக்கு 'டியூக்' என்பது இளமையில் அமைந்த பட்டப்பெயர். தந்தை செல்வர் வீட்டுப் பணியாளர். ஓவியக் கல்விக்குக் கிடைத்த உதவித்தொகையை ஏற்காத எலிங்டன், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார். நடன நிகழ்ச்சிக்குப் பலகை கேட்டு வருபவரிடம், அந்நிகழ்ச்சிக்கு இசைக்குழுவும் வேண்டுமா என விசாரிப்பாராம். கலையும் கணக்கும் அவரிடம் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தன.

1927 டிசம்பரில் நியூயார்க்கின் 'காட்டன் கிளப்' கேளிக்கை விடுதியில் அவர் குழு இடம்பெற்றது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர் இருக்கைகளிலோ வெள்ளையர்கள். அங்கிருந்து ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சிகள் எலிங்டனை நாடறியச் செய்தன. வாய்ப்புகளைத் தேடித் தந்த மேலாளர் இர்விங் மில்ஸ், பல பாடல்களில் தன் பெயரையும் இணை ஆசிரியராகச் சேர்த்து உரிமைத்தொகையில் பங்கு பெற்றார். 1939-இல் இருவரும் பிரிந்தனர். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட 1930-களில், ரயில் பெட்டிகளையே வாடகைக்கு எடுத்து, அவற்றில் தங்கிக் குழு பயணம் செய்தது.

1939-இல் பில்லி ஸ்ட்ரேஹார்ன் எனும் இளைஞர் வந்து சேர்ந்தார். 1941-இல் 'ஆஸ்காப்' எனும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் வானொலி நிறுவனங்களுக்கும் உரிமைத்தொகைத் தகராறு மூண்டது. சங்க உறுப்பினரான எலிங்டனின் படைப்புகளை வானொலியில் வாசிக்க முடியாத நிலை. அந்த இடைவெளியை நிரப்பியவற்றுள் ஒன்றுதான் ஸ்ட்ரேஹார்னின் 'டேக் தி ஏ டிரெயின்'. பின்னர் அதுவே குழுவின் அடையாள இசையாயிற்று. எனினும், ஸ்ட்ரேஹார்னின் பங்களிப்புக்கு அவர் வாழ்நாளில் உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற குறை எலிங்டனின் வரலாற்றில் நிற்கவே செய்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடன அரங்குகளில் கூட்டம் குறைந்தது. பயணச் செலவும் ஊதியமும் கூடின. 1946 இறுதியில் புகழ்பெற்ற பல குழுக்கள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டன. எலிங்டன் கலைக்கவில்லை. தம் பாடல்களுக்கு வந்த உரிமைத்தொகையைக் குழுவின் ஊதியத்துக்கே திருப்பிவிட்டார். வணிகக் கண்ணுக்கு அது நட்டம். அவருக்கோ அது மூலதனம். ஏனெனில், அவர் கருவிகளுக்காக எழுதவில்லை, மனிதர்களுக்காக எழுதினார். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் குழைவும், கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட் உறுமலும் அவர் மனத்தில் ஒலித்தபின்பே தாளில் ஏறின. இன்று எழுதியதை நாளையே வாசித்துக் கேட்கக் குழு அருகில் இருந்தது.

அந்த முதலீடு வீண்போகவில்லை. 1956-இல் நியூபோர்ட் விழாவில் பால் கொன்சால்வெஸ் ஒரே மூச்சாக 27 சுற்றுகள் வாசித்த சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் அரங்கை எழுந்தாடச் செய்தது. எலிங்டனின் புகழ் மீண்டது. மறு ஆண்டு ஸ்ட்ரேஹார்னுடன் இணைந்து ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை 12 பகுதிகளாக இசையில் வடித்தார். 1963-இல் இந்தியாவையும் இலங்கையையும் உள்ளடக்கிய பயணம், 'ஃபார் ஈஸ்ட் சூட்' தொகுப்புக்கு வித்திட்டது. 1970-இல் லூயி ஆம்ஸ்ட்ராங், சிட்னி பெஷே, மஹாலியா ஜாக்சன் உள்ளிட்டோரைப் போற்றி 'நியூ ஆர்லியன்ஸ் சூட்' படைத்தார். அதன் ஒலிப்பதிவு முடிவதற்குள் ஹாட்ஜஸ் மறைந்தார்.

1965-இல் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்கலாம் என்ற நடுவர்களின் பரிந்துரையைப் புலிட்சர் வாரியம் நிராகரித்தது. நடுவர்கள் இருவர் பதவி விலகினர். 1974 மே 24 அன்று அவர் மறைந்தார். அவருடன் 1927 முதல் வாசித்த ஹாரி கார்னி, அதே ஆண்டு அக்டோபரில் விடைபெற்றார். புலிட்சரின் சிறப்பு விருது 1999-இல்தான் வந்தது.

நிகழ்கலைகளின் பொருளாதாரச் சிக்கலை வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-இல் ஒரு நூலில் விளக்கினர். ஆலையில் இயந்திரம் வந்தால் உற்பத்தித் திறன் பெருகும். நால்வர் வாசிக்கும் இசையை மூவரைக் கொண்டு முடிக்க முடியாது. பிற துறைகளில் ஊதியம் உயர உயர, கலையின் செலவும் உயர்ந்துகொண்டே போகும். வருவாய் அதை எட்டுவதில்லை. அந்த இடைவெளியை எலிங்டன் தம் சட்டைப்பையிலிருந்து நிரப்பினார்.

ஆனால், எல்லாக் கலைஞருக்கும் அவ்வளவு உரிமைத்தொகை வருவதில்லை. விருது, சிலை, நினைவு விழா ஆகியவை கலைஞன் மறைந்த பின்னும் தரப்படலாம். ஒத்திகை நாளுக்கான ஊதியத்தை அவன் வாழும்போதுதான் தர முடியும். அதைத் தருவது யார் என்ற கேள்விக்கு அரசும் சமூகமும் விடை சொன்னாக வேண்டும்.