சாயம் போன கித்தார்

இவ்வாண்டு எனக்கு 47 வயது நிறைந்தது. நண்பர்களின் வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லி முடித்த பிறகு, இதே வயதில் மறைந்துபோன ஒரு கலைஞரின் நினைவு வந்தது. அவர்தான் அயர்லாந்தைச் சேர்ந்த புளூஸ் பாடகரும் கித்தார் கலைஞருமான ரோரி கேலகர். ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி தம்பி தங்கைகள் கேட்டபோது, அவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அவரை நான் அறிந்தது மாணவர் விடுதியில். 1999ஆம் ஆண்டு; தேர்வுக் காலம். பக்கத்து அறை அண்ணன் இரவு பதினொரு மணிக்கு மேல் கித்தார் இசையை அலறவிட்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனவன், குறுந்தட்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் பாடிய இசை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை ஓர் அயர்லாந்துக்காரர் ஏன் பாடவேண்டும் என்று கேட்டேன். அண்ணன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குறுந்தட்டை இரவலாகக் கொடுத்தார். விடை தேட எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

வானொலி தந்த வித்து

ரோரி கேலகர் 1948ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், அயர்லாந்தின் வடமேற்கில் டோனகல் பகுதியைச் சேர்ந்த பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை எர்ன் ஆற்றின் மின்னுற்பத்தித் திட்டத்தில் வேலை செய்தவர், அக்கார்டியன் வாசிப்பார். தாயார் நன்றாகப் பாடுவார், நாடகத்திலும் நடிப்பார். பிறகு குடும்பம் டெர்ரி நகருக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து தாயார், ரோரியையும் அவருடைய தம்பி டோனலையும் அழைத்துக்கொண்டு தெற்கே கார்க் நகரில் குடியேறினார்.

அந்தச் சிறுவனுக்குப் புளூஸ் வானொலி வழியாகத்தான் வந்தது. முதலில் பிரிட்டிஷ் பாடகர் லோனி டொனெகனைக் கேட்டார். அவர் பாடுபவை லெட் பெல்லி போன்ற அமெரிக்கக் கலைஞர்களின் பாடல்கள் என்று தெரிந்ததும், மூலத்தைத் தேடிப் போனார். ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படையினருக்கான வானொலியில் மடி வாட்டர்ஸின் குரலைக் கேட்டார். ஆசிரியர் யாருமில்லை. ஒன்பது வயதில் கிடைத்த கித்தாரில், கேட்டதைத் தாமாகவே வாசித்துப் பழகினார்.

1963இல், பதினைந்து வயதில், கார்க்கில் ஓர் இசைக்கருவிக் கடையில் அவர் கண்ணில் ஒரு கித்தார் பட்டது. 1961இல் செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்னொருவர் வாசித்துவிட்டு விற்றது. விலை 100 பவுண்டு. அந்தக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. தாளமும் தனி வாசிப்பும் ஆகிய இரண்டையும் தாமே வாசித்துவிடலாம், குழுவில் இன்னொரு கித்தார் கலைஞர் தேவைப்படமாட்டார் என்று கணக்குச் சொல்லித் தாயாரைச் சம்மதிக்க வைத்தாராம். தவணையில் வாங்கிய அந்தக் கருவி கடைசிவரை அவரோடு இருந்தது. ஒருமுறை டப்ளினில் திருடுபோய், சில நாட்கள் மழையில் நனைந்து கிடந்த பிறகு திரும்பக் கிடைத்தது. மேடை மேடையாக வியர்வை பட்டுச் சாயம் உதிர்ந்து மரம் தெரியத் தொடங்கியது. மீண்டும் சாயம் பூச அவர் நினைக்கவில்லை.

டேஸ்ட் குழுவும் தனிப்பாதையும்

பள்ளி வயதிலேயே ஷோபேண்டு எனப்படும் நடனக்கூடக் குழுவில் சேர்ந்தார். ஒரே மாதிரி உடை உடுத்தி, அப்போது பிரபலமாக இருந்த பாடல்களை வாசிக்கும் குழு அது. பயிற்சியும் வருமானமும் கிடைத்தன, மனநிறைவு கிடைக்கவில்லை. 1966இல் கார்க்கில் டேஸ்ட் என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். அக்குழு பின்னர் லண்டன் சென்றது. 1968இல் கிரீம் குழுவின் பிரியாவிடை நிகழ்ச்சியிலும், 1970இல் லட்சக்கணக்கானோர் திரண்ட வைட் தீவு இசைவிழாவிலும் வாசித்தது. புகழ் ஏறிய வேளையிலேயே குழுவுக்குள் பணத் தகராறும் மனக்கசப்பும் முற்றின. 1970 முடிவில் டேஸ்ட் கலைந்தது.

1971 முதல் தம் பெயரிலேயே இசைத்தட்டுகளை வெளியிட்டார். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜெர்ரி மெகவாய் பேஸ் கித்தாருடன் இணைந்து, இருபது ஆண்டுகள் உடன் வாசித்தார். 1970களின் தொடக்கத்தில், மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசை ஏட்டின் வாசகர் வாக்கெடுப்பில் ரோரி எரிக் கிளாப்டனையே முந்தினார். கட்டம் போட்ட சட்டையும் சாதாரண நீல ஜீன்சும்தான் அவருடைய மேடை உடை. ஒற்றைப் பாடல் தட்டுகளை வெளியிட்டால் வானொலியில் அடிக்கடி ஒலிக்கும், விற்பனை பெருகும். அவர் மறுத்துவிட்டார். பாடலைச் சுருக்கி விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

1971 இறுதியில் மடி வாட்டர்ஸ் லண்டனில் ஒலிப்பதிவு செய்ய வந்தார். சிறுவயதில் வானொலியில் கேட்ட அதே மடி வாட்டர்ஸ்! உடன் வாசிக்க ரோரிக்கு அழைப்பு வந்தது. அதே நாள்களில் வெளியூர்களில் அவருக்கு நிகழ்ச்சிகளும் இருந்தன. எதையும் ரத்து செய்யாமல், நிகழ்ச்சி முடிந்ததும் இரவோடு இரவாகக் காரை ஓட்டிக்கொண்டு லண்டன் வந்து சேர்ந்தார். அந்த மூத்த கலைஞர் இவருக்காகக் காத்திருந்தாராம். அந்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. வெள்ளைக்காரருக்குப் புளூஸ் எதற்கு என்ற என் பழைய கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. ரோரி அதைத் தம் சொத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவனாகப் போய் உட்கார்ந்தார்.

பெல்ஃபாஸ்ட் மேடை

மீதி விடை பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தது. 1960களின் இறுதியில் வட அயர்லாந்தில் மூண்ட மோதல் முப்பது ஆண்டுகள் நீடித்து, 3,500க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பிரிட்டனோடு இருக்க விரும்பிய பிராட்டஸ்டண்டு மக்களும் அயர்லாந்தோடு இணைய விரும்பிய கத்தோலிக்க மக்களும் ஒரே நகரில் பிளவுபட்டுக் கிடந்தனர். 1972ஆம் ஆண்டுதான் மிகக் கொடியது. குண்டுவெடிப்புகளுக்கு அஞ்சி இசைக்குழுக்கள் பெல்ஃபாஸ்ட்டைத் தவிர்த்தன. காப்புறுதியும் கிடைக்கவில்லை, பாதுகாப்பும் இல்லை. மாலையானதும் நகரின் நடுப்பகுதி வெறிச்சோடியது.

ரோரி வருவதை நிறுத்தவில்லை. அல்ஸ்டர் ஹால் அரங்கில் தொடர்ந்து வாசித்தார். வெளியே ஒரே தெருவில் நடக்கத் தயங்கிய இரு சமூகத்து இளைஞர்களும் உள்ளே தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். அவர் மேடையில் அரசியல் பேசவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. வந்தார், வாசித்தார், அடுத்த முறையும் வந்தார். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் நகரங்களில் நடந்த பயணமே ‘ஐரிஷ் டூர் 74’ என்ற இசைத்தட்டாகவும் டோனி பால்மர் இயக்கிய திரைப்படமாகவும் வெளிவந்தது. அன்றிரவு விடுதியில் என்னை உட்கார வைத்தது அந்தப் பதிவுதான். துயரத்தில் கிடந்த மக்கள் பாடிய இசை, துயரத்தில் கிடந்த இன்னொரு நகருக்குப் பயன்பட்டது என்பதே எனக்குக் கிடைத்த மீதி விடை.

மறுத்தவையும் மறுக்க இயலாததும்

1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு புதிய கித்தார் கலைஞரைத் தேடியது. ரோரி ராட்டர்டாம் சென்று சில இரவுகள் அவர்களோடு வாசித்தார். முடிவு எதுவும் சொல்லப்படவில்லை. ஜப்பானில் அவருடைய சொந்த நிகழ்ச்சிகள் தொடங்கவிருந்தன. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யக் கிளம்பிவிட்டார். 1970களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இசைத்தட்டை முழுவதும் பதிவு செய்து முடித்த பிறகு, மனத்துக்கு ஒப்பவில்லை என்று வெளியிட மறுத்தார். அது 2011இல்தான் வெளிவந்தது.

மாணவனாக இருந்தபோது இந்த மறுப்புகளை நான் வியந்து போற்றினேன். நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இன்று அதே வாழ்க்கையைப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. புகழையும் பணத்தையும் மறுக்கத் தெரிந்த அவருக்குப் பயணத்தை மறுக்கத் தெரியவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றினார். விமானத்தில் ஏற அவருக்கு அச்சம் உண்டாகி வளர்ந்தது. அதற்கு மருந்துகள் தரப்பட்டன. மருந்தும் மதுவும் சேர்ந்து ஈரலைக் கெடுத்தன. உடல் பருத்தது, முகம் வீங்கியது. ஆனாலும் நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. 1990இல் கடைசி இசைத்தட்டு வந்தது. 1991இல் ஜெர்ரி மெகவாயும் விலகினார்.

1995 ஜனவரி 10ஆம் நாள் ராட்டர்டாமில் வாசித்ததே கடைசி நிகழ்ச்சி. இருபது ஆண்டுகளுக்கு முன் ரோலிங் ஸ்டோன்ஸை விட்டுக் கிளம்பிய அதே நகரம்! லண்டன் மருத்துவமனையில் ஈரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு நோய்க்கிருமி தொற்றி, ஜூன் 14ஆம் நாள் உயிர் பிரிந்தது. கார்க் நகருக்கு அருகே பாலின்காலிக்கில் அடக்கம் செய்யப்பட்டார்.

2010இல் பிறந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2025 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டில், அல்ஸ்டர் ஹால் அருகிலேயே இன்னொரு சிலை எழுந்தது. 100 பவுண்டுக்கு வாங்கிய கித்தார், 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே வழங்கிவிட்டார்கள்.

இளம் நண்பர்களே, ஓய்வில்லாமல் ஓடுவதே உழைப்பு என்று நம்பி இருபது ஆண்டுகளாக வேலை பார்த்தவன் நான். அண்மையில் மருத்துவர் என் இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி எச்சரித்தபோது, முதலில் ரோரியின் வீங்கிய முகம்தான் நினைவுக்கு வந்தது. யாரும் போகாத ஊருக்குப் போன அந்த நெஞ்சுரத்தை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். உடல் நிற்கச் சொல்லும்போது நிற்பதை மட்டும் வேறு யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு நான் அந்தக் குறுந்தட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால், அவர் வந்து வாங்கிக்கொள்ளட்டும். சேர்ந்தே ஒருமுறை கேட்போம். இம்முறை கொஞ்சம் சத்தமாகவே.