தமிழில் மருத்துவம் கற்பித்த கிரீன்

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிறித்தவத் தொண்டமைப்பின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர், மறு ஆண்டு மானிப்பாயைத் தம் பணிக்களமாக்கிக் கொண்டார்.

நோயாளர் பெருகினர்; மருத்துவரோ ஒருவர். ஆகவே 1848இலேயே உள்ளூர் இளைஞர் சிலரை மருத்துவ மாணவராகச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். அக்காலத்தில் பாடமொழி ஆங்கிலம். மாணவர் நன்கு கற்றுத் தேர்ந்தனர். ஆயினும் கிரீனின் நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆங்கிலத்தில் பயின்றோர் பலர் அரசுப் பணியையும் மிகுந்த ஊதியத்தையும் நாடி வெளியூர் சென்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கற்ற கல்விக்கு மதிப்பு அங்கேதான் இருந்தது. ஆனால் சிற்றூரில் காய்ச்சலில் கிடப்பவருக்கும் பேறுகால வேதனையில் துடிப்பவளுக்கும் மருத்துவர் கிடைக்கவில்லை. தாய்மொழியில் கற்றவரே தம் மக்களிடையே தங்கித் தொண்டாற்றுவர் என்னும் முடிவுக்குக் கிரீன் வந்தார். மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூல் எழுதக் கலைச்சொல் வேண்டும். இரண்டும் எளிதில் அமையவில்லை. கிரீன் தமிழைக் கற்று, மாணவர் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் உண்டா என முதலில் தேடினார். இல்லையெனில் வடமொழியை நாடினார். அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். உடற்கூற்றியல் ‘அங்காதிபாதம்’ ஆயிற்று. உடலியங்கியல் ‘சுகரணம்’ ஆயிற்று. வேதியியலோ ‘கெமிஸ்தம்’ என்றே நின்றது. இச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. 

1857இல் தாயகம் சென்ற கிரீன் 1862இல் திரும்பி வந்தார். அதன்பின் தமிழ்வழி வகுப்புகள் நடைபெற்றன. அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இலும், கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. மருத்துவத்தை ஆங்கிலத்தில் பயிலும் இன்றைய மாணவருக்கு இவ்வாண்டுகள் வியப்பளிக்கக் கூடும். கிரீனிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

1873இல் கிரீன் இலங்கையை விட்டுச் சென்றார். ஊஸ்டரில் இருந்தபடியே, தமிழ் பேசுவோர் எவருமில்லாத சூழலில், மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் செய்தி அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் அவர் பணியாற்றிய மருத்துவமனை கிரீன் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.