பந்தெறிந்து புகழ் நாட்டிய பல்வாங்கர் பாலு

விழா மலர்களிலே புலவர், அறிஞர், கல்லூரிக்குப் பொருளுதவிய வள்ளல்கள் ஆகியோரின் வரலாறு இடம்பெறுதல் மரபு. நாம் ஈண்டு எழுதப் புகுவதோ, விளையாட்டு மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிக் கூலி பெற்ற ஒரு தொழிலாளியின் வரலாறாகும். அவர் பெயர் பல்வாங்கர் பாலு. இந்திய நாட்டின் முதற் பெருங் கிறிக்கெற் வீரர் என ஆராய்ச்சியாளர் போற்றும் பெருமை அவருக்கு உண்டு. எனினும் அவர் பெரும்புகழ் ஈட்டிய 1911 ஆம் ஆண்டு, அவருடைய அணி பெருந்தோல்வி கண்ட ஆண்டு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பாலு 1876 ஆம் ஆண்டிலே தார்வார் நகரிற் பிறந்தார். தோற்றொழில் செய்யும் சமார் வகுப்பினர் அவர் முன்னோர். தந்தையார் இராணுவத்திற் பணியாற்றியமையால் குடும்பம் புனா நகரில் வாழ்ந்தது. ஆங்கில அதிகாரிகள் பயன்படுத்திக் கழித்த துடுப்பையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர். பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பார்சி இளைஞர் சங்கம் ஒன்றின் மைதானத்தைக் கூட்டியும் உருளையிட்டும் மாதம் 3 ரூபா சம்பளம் பெற்றார். 1892 ஆம் ஆண்டளவில், ஐரோப்பியருக்குரிய புனா சங்கத்திலே 4 ரூபாவுக்கு வேலைக்கமர்ந்தார். வலை கட்டுவதும் ஆடுகளத்திற்குக் கோடு வரைவதும் அவர் தொழில்.

அங்குள்ள ஆங்கிலேயர் தமது பயிற்சிக்காகப் பாலுவைப் பந்து வீசும்படி ஏவினர். அவர்களுட் சிறந்த ஆட்டக்காரர் கிறேக் என்னும் படைத்தலைவர். அவர் ஏனையோருக்கு ஒரு மணி நேரம் முந்தி வந்து பாலுவின் பந்துகளை ஆடிப் பழகுவார் என்றும், தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் எட்டணா கொடுப்பார் என்றும் கூறுவர். ஆண்டுக்கணக்காகப் பல்லாயிரம் பந்துகளை வீசிய பாலுவுக்கு அங்கே துடுப்புப் பிடிக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. பந்து வீசுதல் ஏவலாளன் தொழில், அடித்தாடுதல் எசமானன் உரிமை என்பது அக்காலத்து எண்ணம். இடக்கையால் மெதுவாக வீசி, பந்தை இருபுறமுந் திருப்பும் வித்தையை அவர் இக்கூலித் தொழிலிலேதான் கற்றார். முத்தையா முரளிதரனின் ஆட்டங்கண்ட நம் மாணவருக்குச் சுழற்பந்தின் வலிமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புனா நகர இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். வெல்லுதற்குப் பாலு வேண்டும். ஆனால் பாலுவோ தீண்டப்படாதவர். நெடுநேர ஆலோசனையின் பின் அவரை அணியிற் சேர்த்துக்கொண்டனர். அவர் தொட்டெறிந்த பந்தை உயர்குலத்தவர் கூசாது ஏந்தினர். தேநீர் வேளை வந்ததும் நிலை மாறிற்று. ஏனையோர் மண்டபத்தினுள்ளே பீங்கானிற் பருக, பாலு வெளியே நின்று தனி மட்கலத்திற் பருகினார். உணவும் தனிக் கலத்தில், தனி இடத்தில். வெற்றியைத் தந்த கை வேண்டும், அக்கைக்குரியவர் அருகிருத்தல் ஆகாது என்னும் இம்முரண்பாட்டை நீதிபதி ரானடே போன்ற பெரியோர் கண்டித்தனர். உடன் ஆடத் தகுந்தவர் உடன் உண்ணத் தகாதவரோ என்பது அவர்கள் எழுப்பிய வினா.

இதனைப் படிக்கும்போது அயலாரை இகழ நமக்கு உரிமை இல்லை. சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த கடைகள் நம் வடபுலத்திலும் இருந்தன. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியாசனம் கொடுக்கவேண்டுமென்று 1929 ஆம் ஆண்டிற் கல்விப் பகுதியினர் கட்டளையிட வேண்டியிருந்தது. அதற்கும் எதிர்ப்புத் தோன்றிற்று என்பது நம் வரலாறு.

புனாவிற் கொள்ளைநோய் பரவிய காலத்திற் பாலு பம்பாய் சென்றார். புகையிரதப் பகுதியில் உத்தியோகமும், இந்து யிம்கானா அணியில் இடமும் பெற்றார். 1906 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் பொருதினர். இந்துக்கள் 242, 160 என ஓட்டங்கள் பெற்றனர். ஐரோப்பியர் பெற்றவை 191, 102. 109 ஓட்டங்களால் இந்துக்கள் வென்றனர். பாலுவின் பந்துவீச்சு அவ்வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று. சிவராமும் அவ்வணியில் ஆடினார். இச்சகோதரரை அணியிற் சேர்த்துத் தம்முடன் உண்ணவும் இசைந்த செயலைச் சீர்திருத்தப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின. ஒரு கிறிக்கெற் போட்டி சமபந்தி போசனத்துக்கு வழிகாட்டிற்று.

இனி 1911 ஆம் ஆண்டுப் பயணத்தைக் கூறுவோம். அகில இந்திய அணியொன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. பார்சியர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமய வாரியாக வீரரைத் தெரிந்தனர். பத்தொன்பது வயதினரான பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங் அணித்தலைவரானார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடைபெற்ற கோடைகாலம் அது. மகாராசா சில ஆட்டங்களில் மட்டும் ஆடிவிட்டு விருந்துகளிலும் வைபவங்களிலும் ஈடுபட்டார். சிறந்த துடுப்பாட்டக்காரரான மிஸ்திரியும் அவருக்குத் துணையாகச் செல்ல நேர்ந்தது. எஞ்சியோர் பழகாத குளிரிலும் பழகாத ஆடுகளங்களிலும் ஊர்விட்டு ஊர் சென்று ஓய்வின்றி ஆடினர். தொடக்கத்திலே தோல்விமேல் தோல்வி வந்தது.

பாலுவுக்கு அப்பொழுது முப்பத்தைந்து வயது. தோளில் வலியிருந்தது. அவ்வலியோடும் பந்துவீச்சின் பெருஞ்சுமையை அவரே தாங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்களைக் கொடுத்து 8 விக்கெற்றுகளை வீழ்த்தினார். லெஸ்ரர்ஷயர் அணியின் 11 விக்கெற்றுகளை ஓர் ஆட்டத்திலே கவர்ந்து, இப்பயணத்தின் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அடுத்துச் சொமர்செற் அணியை ஒரே விக்கெற்று எஞ்சியிருக்க வென்றனர்; அவ்வாட்டத்திலே தம்பி சிவராம் ஆட்டமிழக்காது சதமடித்தார்.

பயணத்தின் முடிவிலே கணக்குப் பார்த்தால், ஆடியவை 23, வென்றவை 6, தோற்றவை 15, வெற்றிதோல்வியின்றி முடிந்தவை 2. பாலு வீழ்த்திய விக்கெற்றுகள் 114. விக்கெற்று ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 18.84. அவற்றுள் முதற்றர ஆட்டங்களிற் பெற்றவை 75. அணி தோற்றது, அவர் தோற்கவில்லை. அரசகுமாரருக்கு ஆட்டம் பொழுதுபோக்கு. பாலுவுக்கு அது பிழைப்பு. தம் இனத்தாரின் தகுதியை உலகறியச் செய்யும் சாதனமுமாயிற்று.

தாயகம் மீண்ட பாலுவுக்குத் தாழ்த்தப்பட்ட மக்கள் பம்பாயில் வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வாழ்த்துப் பத்திரத்தை அமைத்தவர் அக்காலத்திற் கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் என்பர். பின்னாளில் இந்திய அரசியலமைப்பை உருவாக்குவதில் முன்னின்ற அப்பெரியாருக்கு இளமையில் எழுச்சியூட்டியோருள் பாலுவும் ஒருவர்.

இத்துணைப் புகழிருந்தும் இந்து அணியின் தலைமைப் பதவி பாலுவுக்குக் கிட்டவில்லை. திறமையிற் குறைந்தோர் குலத்தால் உயர்ந்து தலைவராயினர். 1920 ஆம் ஆண்டிலே தம்பியர் விட்டலும் சிவராமும் இவ்வநீதியைப் பொறாது அணியினின்றும் விலகினர். பொதுமக்களும் அவர் பக்கம் நின்றனர். அதன் பின்னரே பாலு உபதலைவராக்கப்பட்டார். 1923 ஆம் ஆண்டில் விட்டல் தலைவராகி, அவ்வாண்டே இந்துக்களை வெற்றிபெறச் செய்தார். தமையன் உழுது விதைத்த வயலின் விளைச்சலைத் தம்பி கண்டார் எனலாம்.

பாலு அரசியலிலும் புகுந்தார். காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்த 1932 ஆம் ஆண்டிலே, தமிழகத்து எம். சி. இராசாவைப்போல அவரும் கூட்டுத்தொகுதி முறையை ஆதரித்தார். புனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். 1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று, 13,245 வாக்குகளுக்கு எதிராக 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். ஒருவரை ஒருவர் மதித்த இருவர், தம் மக்களின் விடுதலைக்கு வெவ்வேறு வழிகளை நாடினர். இருவருள் யார் வழி சிறந்தது என்பதை மாணவர் தாமே ஆராய்ந்து தெளிக. 1955 ஆம் ஆண்டு ஆடி மாதம் 4 ஆம் நாள் பாலு பம்பாயில் மறைந்தார். முதற்றர ஆட்டங்கள் முப்பத்துமூன்றில் அவர் ஈட்டிய விக்கெற்றுகள் 179, சராசரி 15.21.

பாலுவின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? திறமையிருந்தாற் போதும், உலகம் தானே மதிக்கும் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மையே. பாலுவின் திறமை அவரை மைதானத்தினுள்ளே கொண்டு சென்றது. மண்டபத்தினுள்ளே கொண்டு சென்றது ரானடே போன்றோரின் நீதியுணர்வும், தம்பியரின் துணிவும், மக்களின் குரலுமாகும். ஆற்றலை வளர்த்தல் மாணவன் கடன். அவ்வாற்றலுக்கு உரிய ஆசனத்தை மறுக்காதிருத்தல் சமுதாயத்தின் கடன். பல ஊர்களிலிருந்தும் வந்து வன்னி மண்ணிற் குடியேறிய மக்களின் பிள்ளைகள் தர்மபுரத்திலே ஒரே வாங்கில் இருந்து கற்கின்றனர். ஒரே குடத்து நீரை அருந்துகின்றனர். ஒரே மைதானத்தில் ஆடுகின்றனர். இவ்வொருமை தானாக வந்ததன்று. பலர் பட்ட துன்பத்தின் பயன். அதனைக் காத்தல் பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய நம் அனைவரின் பொறுப்பாகும். அணித்தலைவரைத் தெரியும்போதும், விழாப் பந்தியில் இலை போடும்போதும், அப்பொறுப்பு நம் நினைவில் நிற்பதாக.