கண்ணாடிக்காகக் காத்திருந்தவர்: எர்ன்ஸ்ட் அபே



பைனாகுலர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட் மைதானமும் கப்பல் கேப்டனும்தான். விலை உயர்ந்த பைனாகுலர்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் 'கார்ல் ஜெய்ஸ்' என்ற பெயர் இருக்கும். அந்தப் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன எர்ன்ஸ்ட் அபேயை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அபே 1840-ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று ஜெர்மனியில் ஐசெனாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. வேலை நேரம் 14 மணி, ஆர்டர் அதிகம் இருந்தால் 16 மணி. நடுவில் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. சின்னப் பையனான அபே மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போவார். அப்பா மெஷினில் சாய்ந்தபடி நின்றுகொண்டே அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். 48 வயதிலேயே அப்பா கிழவராகிவிட்டதை அந்தப் பையன் கண்ணால் பார்த்தான்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. காரணம், என் அப்பாவும் மில் தொழிலாளிதான். ரிங் பிரேம் பிரிவு. ஆனால் அவருக்கு எட்டு மணி நேர ஷிப்டு. முடிந்ததும் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, எங்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். அந்த எட்டு மணி நேரம் தானாக வந்துவிடவில்லை நண்பர்களே!

அப்பாவின் முதலாளி உதவியால் அபே படித்தார். 1861-இல் டாக்டர் பட்டம், 1863-இல் யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. அதே ஊரில் கார்ல் ஜெய்ஸ் 1846-இல் தொடங்கிய ஒர்க்ஷாப் இருந்தது. அங்கே மைக்ராஸ்கோப் செய்தார்கள். எப்படி? ஒரு லென்ஸைப் போட்டுப் பார்ப்பது, சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுவது. கைராசிதான் எல்லாம்! இது ஜெய்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1866-இல் அபேயை அழைத்துக் கணக்குப் போட்டு லென்ஸ் செய்ய வழி கேட்டார். சில வருடங்களில் அந்த ஒர்க்ஷாப்பின் லென்ஸ்கள் எல்லாம் கணக்குப்படி தயாராயின. மைக்ராஸ்கோப்பால் எவ்வளவு சிறியதைப் பார்க்க முடியும் என்ற எல்லையையும் 1873-இல் அபேயே வகுத்தார்.

இப்போது பைனாகுலருக்கு வருவோம். அந்தக் காலத்தில் இருந்தது கலிலியோ வகை. உருவம் நேராகத் தெரியும்; ஆனால் பெரிதாக்கும் சக்தி குறைவு, பார்வைப் பரப்பும் குறுகல். இரண்டு குவிலென்ஸ் வைத்தால் சக்தி கூடும். ஆனால் உருவம் தலைகீழாகிவிடும். நடுவில் இரண்டு பிரிசம் வைத்து அதை நிமிர்த்தலாம் என்று அபேக்குத் தோன்றியது. 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சியில் அப்படி ஒரு கருவியை வைத்தார். ஆனால் பிரிசத்துக்கு ஏற்ற தெளிவான கண்ணாடி அப்போது கிடைக்கவில்லை. யோசனை சரி, சரக்கு சரியில்லை!

அபே காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. 1879-இல் தொடர்பு கொண்ட ஓட்டோ ஷாட் என்ற இளம் கண்ணாடி ஆராய்ச்சியாளரை யேனாவுக்கு வரவழைத்து, 1884-இல் கண்ணாடித் தொழிற்சாலையே தொடங்கினார். நல்ல கண்ணாடி வந்தபின் 1893-இல் பேட்டன்ட் கேட்டால், இத்தாலியின் போரோ 1854-இலேயே அந்தப் பிரிசம் அமைப்புக்கு உரிமை வாங்கியிருந்தது தெரியவந்தது. முன்லென்ஸ்களைக் கண்களைவிட அகலமாகத் தள்ளி வைக்கும் முறைக்கு மட்டும் அபே பக்கம் பேட்டன்ட் கிடைத்தது. 1894-இல் 4, 6, 8 மடங்கு பைனாகுலர்கள் விற்பனைக்கு வந்தன.

சரி, அந்தப் பழசையும் இன்றைய புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா? 1894-இன் 8x20, 2014-இல் வந்த 'விக்டரி எஸ்எஃப்' 8x42. இரண்டும் எட்டு மடங்குதான். ஆனால் முன்லென்ஸின் விட்டம் 20 மி.மீ.க்குப் பதில் 42 மி.மீ. பரப்பு 4.4 மடங்கு. அந்தி வெளிச்சத்தில் வித்தியாசம் புரியும்.

அடுத்து கோட்டிங். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பழைய வகையில் ஒரு குழாயில் 10 பரப்பு என்று வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி! 1935-இல் ஜெய்ஸ் கம்பெனியின் ஸ்மகுலா மெல்லிய பூச்சு முறையைக் கொண்டுவந்தார். புதுசில் லென்ஸ்கள் அதிகம். இருந்தும் 92 சதவீத ஒளி கண்ணுக்கு வருகிறது என்கிறது கம்பெனி.

பழசில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக ஃபோகஸ் திருக வேண்டும். புதுசில் நடுச்சக்கரம் ஒன்றே போதும். தண்ணீரும் புகாது.

அதற்காகப் பழசு மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். போரோ பிரிசத்தில் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் திரும்புகிறது. கண்ணாடிப் பூச்சு தேவையில்லை. புதுசின் நேர்குழாய்க்குள் இருப்பது கூரைப் பிரிசம். அதில் ஒரு பரப்புக்கு மிரர் கோட்டிங் வேண்டும். கூரைப் பரப்புகளில் ஒளி அலைகள் கட்டம் மாறுவதைச் சரிசெய்ய இன்னொரு பூச்சும் வேண்டும். அது ஜெய்ஸில் வந்ததே 1988-இல்தான். முன்லென்ஸ்கள் அகன்று இருப்பதால் தூர ஆழத்தைக் காட்டுவதிலும் பழசு ஒரு படி மேல். நிற விளிம்பைக் குறைக்க 2004-இல் 'விக்டரி எஃப்எல்' ஃபுளோரைடு கண்ணாடியோடு வந்தது. மைக்ராஸ்கோப்பில் ஃபுளோரைட் கல்லை வைத்து அதே வேலையை அபே 1886-இலேயே செய்துவிட்டார்! புதுசுக்குள்ளும் அவர்தான் இருக்கிறார் என்றால் மிகையாகாது.

1888-இல் ஜெய்ஸ் காலமானார். அபே நினைத்திருந்தால் பெரும் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். ஆனால் 1889-இல் கார்ல் ஜெய்ஸ் அறக்கட்டளையை, தன் பெயரை வைக்காமல், நிறுவினார். 1891-இல் தன் பங்குகளை அதற்கே எழுதிக் கொடுத்தார். 1896-இல் அதன் விதிகளை எழுதினார். சம்பளத்தோடு லீவு, ஓய்வூதியம். வேலைக்கு எடுக்கும்போது மதமோ கட்சியோ பார்க்கக்கூடாது. நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது.

1900-இல் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். உற்பத்தி விழுந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை, அளந்து காட்டினார். பீஸ் ரேட்டில் வேலை செய்த 233 பேரின் கணக்கை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார். ஒரு மணி நேர உற்பத்தி சுமார் 16 சதவீதம் கூடியிருந்தது. ஒரு மணி நேரம் குறைந்தும் நாள் உற்பத்தி 3 சதவீதம் அதிகம்! லென்ஸுக்குப் போட்ட கணக்கை மனித உழைப்புக்கும் போட்டவர் அவர்.

1905 ஜனவரி 14 அன்று அபே மறைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்பெனி கிழக்கு, மேற்கு என்று இரண்டாக உடைந்து 1991-இல் மீண்டும் சேர்ந்தது. இன்றும் ஜெய்ஸ், ஷாட் இரண்டுக்கும் உரிமையாளர் அந்த அறக்கட்டளைதான்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஷிப்டுக்குப் போவோம். சிலர் சூப்பர்வைசராகி ஷிப்டு சார்ட் போடுவோம். ஆளை நிறுத்தி வைத்தால் வேலை கூடும் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். டார்கெட்டை எடுத்து, ரிஜெக்‌ஷனை எடுத்து, மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். கைராசியை நம்பாமல் கணக்கை நம்பு என்பதுதான் அபே நமக்கு விட்டுப்போன பாடம். அது லென்ஸுக்கும் பொருந்தும், லேத்துக்கும் பொருந்தும், அதன் முன்னால் நிற்கும் மனிதனுக்கும் பொருந்தும்.

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்