சமூகவியலுக்கு அடிப்படை வகுத்த டர்க்கைம்

சமூகம் என்பது தனி மனிதர்களின் கூட்டுத்தொகை மட்டுந்தானா? அன்றி, அவர்களை உருவாக்கி இயக்கும் தனியானதோர் உண்மையா? இவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பிரெஞ்சுப் பேரறிஞர் எமில் டர்க்கைம்.

பிரான்சின் கிழக்கே எப்பினால் நகரில் 1858 ஏப்ரல் 15ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் யூத சமயகுரு, பாட்டனாரும் அவ்வாறே. இவரோ குலவழிக் குருத்துவத்தை ஏலாது மெய்யியல் பயின்று, 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பொறுப்பேற்றார்.

1893இல் வேலைப் பிரிவினையைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஒருவர் செய்யும் தொழில் அவர்தம் திறனுக்கேற்ப அமைதல் வேண்டும். பிறப்போ வழக்கமோ அதனை விதிக்குமாயின் அது கட்டாயப் பிரிவினையே. அங்கு ஒற்றுமை நிலையாது என்று அதில் காட்டினார்.

1895இல் சமூகவியலின் ஆய்வுமுறையை வகுத்தார். மொழி, சட்டம், வழக்கம் ஆகியன நாம் பிறக்குமுன்னரே உள்ளவை. புறத்தே நின்று நம்மைக் கட்டுப்படுத்துபவை. ஆதலின் அவற்றைப் பொருள்களை ஆராய்வது போலவே விருப்பு வெறுப்பின்றி ஆராய வேண்டும் என்றார். காலம், இடம் முதலிய கருத்துகள் மனித அறிவிலேயே அமைந்தவை என்பது ஜெர்மானிய மெய்யியலார் காண்ட்டின் கொள்கை. அவையும் கூட்டு வாழ்விலிருந்தே தோன்றின என்பது டர்க்கைமின் துணிபு. சடங்குகளும் விழாக்களும் முறையாக மீண்டும் மீண்டும் வருவதிலிருந்தே காலக் கணக்குப் பிறந்தது என்பார்.

சமூகம் இத்துணைப் பெரிதாயின் தனி மனிதன் சிறியனோ? அல்லன் என்பதே அவர் விடை. யூதப் படை அதிகாரி திரைஃபஸ் தேசத் துரோகி எனப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட வழக்கில், 1898இல் அவர் பக்கம் நின்று எழுதினார். மனித மாண்பைப் போற்றுவதே இக்காலச் சமூகத்தைப் பிணைக்கும் புனித நெறி என வாதிட்டார்.

1902இல் பாரிஸ் சென்ற டர்க்கைம், 1912இல் சமய வாழ்வின் மூல வடிவங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கடவுள் நம்பிக்கையே சமயம் என்னும் கருத்தை அதில் மறுத்தார். அதற்கு அவர் எடுத்த சிறந்த சான்று பௌத்தம். ஐரோப்பிய அறிஞர்களின் நூல்கள் வாயிலாகவே அவர் அதனை அறிந்திருந்தார். எனினும், கடவுளைச் சாராது நான்கு வாய்மைகளின்மீது நிற்கும் நெறியும் சமயமே என்று தெளிந்தார். புனிதமானவை பற்றிய நம்பிக்கைகளாலும் நடைமுறைகளாலும் மக்களை ஓர் அறச் சமூகமாக இணைப்பதே சமயம் என வரையறுத்தார்.

முதல் உலகப் போரில் 1915இல் அவர்தம் ஒரே மகன் மாண்டான். அத்துயரினின்று மீளாத டர்க்கைம், 1917 நவம்பர் 15ஆம் நாள் தமது 59ஆம் வயதில் மறைந்தார்.

வழக்கம் வலியது, ஆயினும் அது வானிலிருந்து இறங்கியதன்று, மக்கள் கூடி வாழ்ந்து ஆக்கியது. அதனை ஆராய்ந்து அறியலாம் என்று காட்டியது அவர்தம் தொண்டு. அறிந்ததனை அறத்தின்பால் திருப்புதல் வாழ்வோர் கடன்.